குற்றமற்ற கல்

வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் உயிரிழந்த ரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் பவளத்தைப் பற்றி ஒரு செய்தியைப் பதிந்து வைத்திருக்கிறார். ரோமாபுரிப் பெண்கள் இந்திய முத்துக்கு எவ்வளவு ஆசைப்படுகிறார்களோ, அதே அளவுக்கு இந்தியாவில் ஆண்கள் பவளத்துக்கு ஆசைப்படுகிறார்களாம். அங்குள்ள குறிசொல்லிகளும் தீர்க்கதரிசிகளும், பவளம் அணிந்தவரை ஆபத்து அண்டாது என்று நம்புகிறார்களாம். அதே நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’, முசிறித் துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. அங்கிருந்து கப்பலேறியவற்றில் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு ஒளி ஊடுருவும் பலவகைக் கற்களும் உண்டு.

செம்பவளம் மத்தியதரைக் கடலின் அடியில் விளைவது. அதை அங்கே மூழ்கி எடுத்து, செங்கடல் வழியாகக் கொண்டுவந்து, பருவக்காற்றில் பாய்விரித்துச் சேர நாட்டில் இறக்கினார்கள். வாங்கியவர்களில் பலருக்கு அது வெறும் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை, காப்பாகவும் இருந்தது. கல்லுக்குள் ஒரு சக்தி இருக்கிறது, அது அணிபவரிடம் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டம் கடந்த வணிகம் ஒன்றைத் தாங்கி நின்றிருக்கிறது.

எதிர்த்திசையில் போன கற்களில் ரோமானியர் பெரிதும் விரும்பியது பெரில். கடல்நீர்ப் பச்சையும் இளநீலமும் கலந்த கல். நல்ல பெரில் இந்தியாவிலிருந்துதான் வருகிறது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்கிறார் பிளினி. அந்தக் கல் எந்த மண்ணிலிருந்து போயிருக்கும் என்று தேடினால், வழி கொங்கு நாட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து இதைக் ‘கொடுமணம்’ என்ற பெயரில், சிறந்த அணிகலன்களுக்குப் பேர்போன ஊராகக் குறிப்பிடுகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் நடத்திய ஆய்வுகளும், புலவர்கள் சொன்னது வெறும் புகழ்ச்சியில்லை என்று காட்டின. பெரில், நீலம், குவார்ட்ஸ், செவ்வந்திக்கல், அகேட், சூதுபவளம் என்று வகைவகையாய் மணிகள் கிடைத்தன. அவற்றைவிட முக்கியமானவை முடிவுறாத மணிகள். உடைத்த நிலையில் ஒன்று, உருட்டிய நிலையில் ஒன்று, பாதி துளையிட்டதும் விண்டு போனதால் தூக்கியெறியப்பட்டது ஒன்று. விற்பனைக்கு வந்த கல் ஒரு சந்தையைக் காட்டும். கெட்டுப்போன கல்தான் ஒரு பட்டறையைக் காட்டும்.

பட்டறைக்கு வேண்டிய எல்லாமே அந்த வட்டாரத்தில் இருந்தன. காங்கேயத்துக்கு அருகே படியூரில் பெரில். சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல். கடினத்தில் பெரில் ஏழரை முதல் எட்டு என்றால், குருந்தம் ஒன்பது. வைரத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஒன்றைத் தேய்க்க மற்றொன்றின் தூள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரும்பும் உருக்கும் காய்ச்சிய உலைகளின் தடயங்களும் கொடுமணலிலேயே கிடைத்திருக்கின்றன. ஆனால் அங்கே கிடைத்த கற்கள் எல்லாம் உள்ளூர்க் கற்கள் இல்லை. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பக்கத்திலிருந்தும், லாபிஸ் லசுலி என்னும் நீலக்கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த ஊர் இது. கண்ணன் ஆதன், பண்ணன் போன்ற தமிழ்ப் பெயர்களோடு விஸாகி போன்ற வடபுலத்துப் பெயர்களும் தமிழ் பிராமியில் கீறப்பட்டிருக்கின்றன.

அங்குள்ள பெருங்கற்காலக் கல்லறை ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இறந்தவரோடு மணிகளைப் புதைத்தவர்கள் என்ன நினைத்துப் புதைத்தார்கள் என்பதை எந்த ஓடும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அத்தனை தொலைவிலிருந்து வந்த கல்லை, அத்தனை பேர் உழைப்பில் உருவான மணியை, திரும்ப எடுக்க முடியாத இடத்தில் வைத்தார்கள். கல்லுக்கு விலைக்கு அப்பால் ஒரு மதிப்பு இருந்ததற்கு இதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது கடினம்.

படியூரை வரலாறு முழுதாக மறந்துவிடவில்லை. 1819–20ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே பெரில் சுரங்கம் நடத்தினார். காங்கேயம், கரூர் வட்டாரத்து உழவர்கள் மழை பெய்து ஓய்ந்த நிலத்தில் மின்னும் கல்லைப் பொறுக்கியெடுப்பதும் அண்மைக்காலம் வரை தொடர்ந்த வழக்கம்தான்.

பெரில் பற்றிய அதே இடத்தில் பிளினி இன்னொன்றும் சொல்கிறார். இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றி மற்றக் கற்களைப் போலச் செய்யக் கற்றுக்கொண்டார்களாம். குறிப்பாகப் பெரிலைப் போல. போலிக் கல் நேற்று முளைத்ததில்லை. அசலுக்குச் சக்தி உண்டு என்று நம்புகிற ஊரில் போலியும் கூடவே பிறந்துவிடுகிறது. ஆகவே, பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரும் அங்கே வேண்டியவராகிறார்.

கல்லின் பலனைப் பேசிய பழைய நூல்கள் எல்லாமே அடிப்படையில் இந்தப் பார்க்கும் கலையைத்தான் பேசுகின்றன. அர்த்தசாத்திரம் அரசுக் கருவூலத்துக்கு வரும் மணிகளை எப்படிச் சோதிப்பது என்று ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. முத்து விளையும் இடங்களில் தாமிரபரணியையும் பாண்டிய நாட்டையும் குறிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை இருபத்திரண்டு கற்களைப் பெயர் சொல்லிவிட்டு, வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் என்னும் நான்கை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறது. அவர் முன்வைக்கும் காரணம் தெளிவானது. நல்ல மணி அரசனுக்கு நன்மை தரும், கெட்ட மணி தீமை தரும். எனவே வல்லவர்கள் அதைப் பரிசோதிக்க வேண்டும். புத்தபட்டரின் ‘ரத்தின பரீட்சை’யும், அகத்தியர் பெயரில் வழங்கும் ‘அகஸ்திமத’மும் இதே தடத்தில் நடக்கின்றன. லூயி ஃபினோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1896இல் இந்நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். புரட்டிப் பார்த்தால் மந்திரத்தைவிடக் கீறலும் புள்ளியும் கறையுமே அதிகம் பேசப்படுகின்றன.

கதையும் இல்லாமலில்லை. கருட புராணத்தில் வலன் என்ற அசுரன் வேள்வியில் தன்னையே பலியாகக் கொடுக்கிறான். அவன் எலும்பு வைரமாயிற்று, பல் முத்தாயிற்று, இரத்தம் இலங்கையின் ஆற்றில் விழுந்து மாணிக்கமாயிற்று, கண்கள் நீலமாயின. ஒரு மாபெரும் உயிரின் உடலே கற்களாகச் சிதறிக் கிடக்கிறது என்பது எவ்வளவு துணிச்சலான கற்பனை! அந்த உயிர்ப்பு கல்லில் இன்னும் இருக்கிறது என்பதுதான் பலனுக்கு அந்தப் புராணம் காட்டும் ஆதாரம். ஆனால் கதையைச் சொல்லி முடித்ததும் புராணமும் உடனே குறை பார்க்கும் வேலைக்கு இறங்கிவிடுகிறது.

தமிழில் இந்தக் கலையின் உச்சம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், ஒன்பது மணிகளும் விற்கும் கடைவீதி வருகிறது. இளங்கோ அந்த வீதியின் செல்வச் செழிப்பை மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. கற்களைத் தரகரின் கண்ணோடு பார்க்கிறார். வைரத்தில் காக்கையின் கால் போன்ற கீற்று இருக்கிறதா, கறை இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா? மாணிக்கத்தில் நான்கு வகைகளில் இது எந்த வகை? காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குறைகள் முத்தில் உண்டா? பவளத்தின் உள்ளே துளையோ முறுக்கோ இருக்கிறதா? குறைகளின் பட்டியல்தான் அங்கே அழகின் பட்டியலாகிறது. ஒன்பது மணிகளும் வரிசையாக வந்தும், எந்த மணி எந்தக் கோளுக்கு உரியது என்ற பேச்சு அங்கே எழவேயில்லை.

காப்பியத்தின் திருப்புமுனையும் ஒரு கல் சோதனைதான். கோவலனுடைய உயிர், காற்சிலம்புக்குள் இருப்பது என்ன என்ற கேள்வியில் தொங்கியது. அரண்மனைப் பொற்கொல்லன் சொன்னதை நம்பிய பாண்டியன், சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. கண்ணகி உடைத்துக் காட்டியபோது தெறித்தது மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. மணியைப் பார்க்கத் தவறிய அரசனுக்குத் தீங்கு வரும் என்று வடமொழி நூல்கள் பொதுவிதியாகச் சொன்னதை, தமிழ்க் காப்பியம் ஓர் அரசனின் மரணமாகவும் ஒரு நகரத்தின் தீயாகவும் நடத்திக் காட்டிவிட்டது.

குறை பார்க்கும் கண் கோயிலுக்குள்ளும் தளரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள், கி.பி. 1010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இறைவனுக்குக் கொடுத்த நகைகளைக் கணக்கெடுக்கின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், மணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல். எடைக்கற்களுக்கே இறைவன் பெயர். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுகி நுணுகி நிறுத்திருக்கிறார்கள். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றி. நகையில் கோத்த சரடு எடையில் சேராது என்று தனியே குறித்திருக்கிறார்கள்.

முத்துகளின் பெயர்களைப் படிப்பதே ஓர் இன்பம்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து. இவற்றில் கறடு கரடுமுரடானது, இரட்டை ஒட்டிப் பிறந்தது. இறைவனுக்குக் கொடுத்ததாயிற்றே என்று எதையும் மறைக்கவில்லை. வைரங்களில் புள்ளி உள்ளவை, வெடிப்பு உள்ளவை, செம்பொட்டும் கரும்பொட்டும் உள்ளவை, தீய்ந்தது போன்ற தழும்பு உள்ளவை. மாணிக்கங்களில் குழியும் துளையும் வெண்பொட்டும் உள்ளவை, தாய்ப்பாறை இன்னும் ஒட்டியிருப்பவை என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். மன்னன் இறைவனின் திருவடியில் பூவாகத் தூவிய முத்துகளிலிருந்து பொறுக்கிக் கோத்த நகைகளும் அந்தக் கணக்கில் உண்டு. முத்தைப் பூப்போலத் தூவுகிற பக்தியும், தூவிய முத்தைப் பொறுக்கி வகைபிரித்து எடைபோடுகிற கண்டிப்பும் ஒரே கோயிலில் ஒன்றையொன்று உறுத்தாமல் வாழ்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் மணி மரபில் மிகவும் உயர்ந்த தருணம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் கழுத்தில் பட்டு நூலில் கோத்த 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் தொங்கியதாக எழுதுகிறார். நாள்தோறும் 104 முறை இறைவனைத் துதிக்க வேண்டும், அதை எண்ணத்தான் அந்த மாலையாம். அரசனின் செல்வமும் செபமாலையும் ஒரே நூலில். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட மணிகள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் ஆணை இருந்ததாம்.

கல்லை அணிவது ஒரு வழி. கல்லையே வணங்குவது இன்னொரு வழி. சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கும், மாணிக்கத்தால் ஆன ரத்தினசபாபதிக்கும் அன்றாடம் அபிஷேகம் நடக்கிறது. ரத்தினசபாபதிக்கு முன்னே கற்பூரம் காட்டும்போது தெரிகிற உருவம், பின்னே காட்டும்போது செந்தழலாய் ஒளிர்கிறது. இராமேசுவரத்தில் விடியுமுன் ஸ்படிக லிங்க தரிசனம். உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் அது களையப்பட்டுக் காட்சி தருகிறார். திருவாரூர் முதலான சப்த விடங்கத் தலங்களில் பேழைக்குள் இருந்து வெளிவருபவை மரகத லிங்கங்கள். எல்லா இடத்திலும் ஒளிதான் வழிபாட்டின் மையம். ஒளியை உள்ளே விடுகிற, தடுக்கிற, திருப்பியனுப்புகிற கல்லின் இயல்பைக் கோயில்காரர்கள் நுட்பமாகக் கற்று, வழிபாட்டு முறையாகவே மாற்றியிருக்கிறார்கள்.

ஸ்படிகம் என்பது நிறமற்ற குவார்ட்ஸ். தஞ்சைக்குத் தென்மேற்கே உள்ள வல்லம் அதற்குப் பேர்பெற்றது. ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகள் வல்லத்துக் கல்லில் செய்த மூக்குக்கண்ணாடிகளைப் பற்றிப் பேசுகின்றன. கண்ணாடி வில்லையைவிடக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். லிங்கமாகக் கருவறையில் அமர்ந்த அதே கனிமம், வில்லையாக முதியவர்கள் மூக்கின் மேலும் ஏறியது. 1880இல் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். கைக்கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காட்டுவதும் அதே கனிமம்தான். ஸ்படிகத்தின் ‘அதிர்வு’ நோய் தீர்க்கும் என்பவர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அது பொருந்தாது. கடிகாரத்தில் மின்கலம்தான் கல்லை அதிரவைக்கிறது; கழுத்தில் கிடக்கும் மாலைக்கு அப்படி எந்த மின்னோட்டமும் இல்லை. 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், எண்பது பேரிடம் அசல் ஸ்படிகத்தையும் போலியையும் பிரித்துக் கொடுத்துச் சோதித்தபோது, இரு சாராருமே ஒரேவிதமாகக் கதகதப்பையும் சிலிர்ப்பையும் உணர்ந்ததாகச் சொன்னார்கள். உணர்வு மெய்தான். அது கல்லிலிருந்து வரவில்லை.

மருந்தாகவும் மணிகள் உடலுக்குள் போயிருக்கின்றன. சித்த மருத்துவத்தில் பவளப் பற்பமும் முத்துச்சிப்பிப் பற்பமும் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. வீட்டுக்கும் கல் உண்டு. தலைவாசல் நிலை நிறுத்தும்போது அதன் அடியில் நவரத்தினமும் பஞ்சலோகமும் இட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை செய்வது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். பூசைச் சாமான் கடைகளில் சின்னஞ்சிறு பொட்டலத்தில் ஒன்பது கல் துணுக்குகள் கிடைக்கும். கோயில் கட்டும்போது கருவறை அடியில் மணிகளை வைக்கச் சொல்லும் சிற்ப நூல்களின் கர்ப்பநியாசம், வீட்டு வாசலுக்கு இறங்கிவந்த வடிவம் இது.

இந்தப் பொட்டலத்தில் ஒன்பதுக்கும் ஒன்பது கோள்கள். சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். பதினைந்தாம் நூற்றாண்டு அளவில் வைத்தியநாத தீட்சிதர் எழுதிய ‘ஜாதக பாரிஜாதம்’ இந்த அட்டவணையைத் தெளிவாகவே தருகிறது. மணியியலும் சோதிடமும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்து, பிறகுதான் இறுகப் பிணைந்தன. வராகமிகிரர் பெரும் சோதிடர். ஆனாலும் பிருகத் சம்ஹிதையின் மணி அதிகாரங்களில் அவர் பார்த்தது கல்லின் நிறத்தையும் குறையையும்தான்.

1879, 1881 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் ‘மணிமாலா’ என்ற பெயரில் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டு, சமஸ்கிருத மணி நூல்களின் செய்திகளைப் புதிய வாசகர்களுக்குக் கொண்டுவந்தார். மேல்நாட்டில் மாதத்துக்கு ஒரு பிறவிக்கல் என்ற இன்றைய பட்டியலை 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கான்சாஸ் நகரில் கூடி முடிவு செய்தது. இங்கும் ராசிக்கல் என்பது நகைக்கடையின் தனிப் பிரிவாக, நாட்காட்டியின் பின்பக்க அட்டவணையாக மாறிவிட்டது. பன்னிரண்டு ராசிக்குள் எல்லா மனிதரையும் அடக்கும் பட்டியலில், கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கல் எப்படிப்பட்டது என்ற பழைய கேள்விக்கு இடம் குறைவு. ஆனாலும் அது அடியோடு போய்விடவில்லை. நீலக்கல்லை வாங்கியவுடன் மோதிரத்தில் கட்டாமல், மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு எப்படி வருகிறது என்று பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. வைரத்தோடு வாங்கும் வீடுகளில், இந்தக் கல் நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள். சோதித்து ஏற்க வேண்டும் என்ற நூல்களின் கட்டளை, கண்ணிலிருந்து கனவுக்கு இடம் மாறியிருக்கிறது.

பவளத்தின் கடல்வழியும் வற்றவில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் லண்டனிலிருந்து வந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைச் சென்னையில் இறக்கி, கோல்கொண்டா வைரங்களை வாங்கிச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான ஜாக் தெ பைவா 1687இல் சென்னையிலேயே இறந்தார். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் ஏறிய பவளம், லண்டன் வழியாக உலகைச் சுற்றிவந்து ஒரு தமிழரின் மோதிர விரலில் செவ்வாயின் கல்லாக அமர்ந்தது.

1902இல் பாரிஸில் ஒகுஸ்த் வெர்னோய் என்ற வேதியியலர் வெளியிட்ட செய்தி, மணிகளின் உலகத்தைப் புரட்டிப் போட்டது. அலுமினா தூளில் சிறிது குரோமியம் கலந்து, தீச்சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்து, அவர் மாணிக்கம் செய்தார். சாயமேற்றிய பளிங்கு போன்ற போலி இல்லை இது. வேதியியலில், கடினத்தில், நிறத்தில் மண்ணில் விளைந்த மாணிக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. சில ஆண்டுகளில் நீலமும் இதே வழியில் வந்தது. அப்படியானால் எதை வைத்து இரண்டையும் பிரிப்பது? நுண்ணோக்கியில் பார்த்தால் செயற்கைக் கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். மண்ணில் விளைந்ததில் நேர்கோடுகளும், பட்டிழை போன்ற மெல்லிய ஊசிகளும், சிறைப்பட்ட பிற கனிமத் துகள்களும் இருக்கும். முன்னோர் எந்தக் குறைகளைக் கண்டு கல்லை ஒதுக்கினார்களோ, அதே குறைகள் இப்போது பிறப்புச் சான்றிதழாகிவிட்டன. ஒரு களங்கமும் இல்லாத பெரிய மாணிக்கத்தைக் குறைந்த விலைக்கு நீட்டினால், விவரம் தெரிந்த வணிகருக்கு முதலில் எழுவது சந்தேகம்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பார்வை ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழானது.

அடுத்த சிக்கல் நெருப்பால் வந்தது. இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் தோண்டும் குழிகளிலிருந்து வரும் கற்களில் ‘கெயுட’ என்ற பால்நிறக் குருந்தம் நெடுங்காலம் மதிப்பற்றுக் கிடந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதை மலிவாக வாங்கிப் போய், உயர் வெப்பத்தில் சுட்டு, ஆழ்ந்த நீலமாக மாற்றி விற்றார்கள். கல்லுக்குள் ஏற்கெனவே இருந்த டைட்டானியமும் இரும்பும் வெப்பத்தில் நிறமாக மாறின. சுடாத நீலத்துக்குத்தான் சனியின் பலன் உண்டு என்று சொல்லும் சோதிடர்களும் உண்டு. அதனால் சுடவில்லை என்ற ஆய்வகச் சான்றுக்குத் தனி விலை. ஆனால் நெருப்பு மணித் தொழிலுக்குப் புதிதில்லை. பழுப்பு அகேட்டை அடுப்பில் சுட்டுச் சிவப்பாக்கிச் சூதுபவளம் செய்வது குஜராத்தின் மிகப் பழைய தொழில்.

தமிழ்நாட்டில் செயற்கைக் கல் திருச்சியைத் தேடி வந்தது. திருச்சி, புதுக்கோட்டை சுற்றுவட்டார ஊர்களில் பல்லாயிரம் குடும்பங்கள் செயற்கை மாணிக்கத்துக்கும், பின்னாளில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ எனப்பட்ட கியூபிக் சிர்கோனியாவுக்கும் வீட்டிலேயே பட்டை தீட்டின. கல்லைக் கோலின் முனையில் அரக்கால் ஒட்டி, சுழலும் சாணையில் சாய்த்து, கண்ணளவாகவே கோணம் பிடித்துப் பட்டை போடுவார்கள். கோயில் நகைகளிலும் நடன நகைகளிலும் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாய் மின்னும் கற்களில் திருச்சிக் கைகள் தீட்டியவை ஏராளம். சீனாவின் வூசோ நகரிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய கற்கள் மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியதும் அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இப்படி ஒரு கைத்திறன் மறைவது, ஒரு கோயில் சிலை காணாமல் போவதற்குச் சற்றும் குறையாத இழப்பு. சிலைக்காவது வழக்குப் பதிவு உண்டு.

மணித் தொழிலில் இதைவிட வேதனையான பக்கம் குஜராத்தின் கம்பாத்தில் இருக்கிறது. சூதுபவளத்தின் பழைய தாயகம் அது. இன்று அங்கிருந்து ஸ்படிக மாலைகளும், அகேட் லிங்கங்களும், ஏழு சக்கரங்களுக்கு ஏழு கல் என்று அடுக்கிய தொகுப்புகளும் உலகெங்கும் உள்ள ‘கல் சிகிச்சை’ நிலையங்களுக்குப் போகின்றன. அகேட்டும் குவார்ட்ஸும் முழுக்கச் சிலிக்கா. உலர் சாணையில் தேய்க்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. ஆற்ற மருந்தில்லாத நோய் அது. அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதை ஆவணப்படுத்தி வருகிறது. பட்டறை வீட்டோடு இருப்பதால், சாணையைத் தொடாத பெண்களும் குழந்தைகளும் அண்டை வீட்டாரும் அதே தூசியைச் சுவாசிக்கிறார்கள். தூசியை உறிஞ்சி எடுக்கும் அமைப்பும், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் முறையும் தெரியாதவை அல்ல. அவற்றுக்கான செலவுதான் அந்தச் சிறு பட்டறைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சுட்டதா சுடாததா, எந்த நாட்டில் தோண்டியது, எத்தனை கேரட் என்று எல்லாவற்றுக்கும் இன்றைய சந்தையில் சான்றிதழ் கிடைக்கிறது. தீட்டியவர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்பதற்கு எந்தக் கடையிலும் சான்றிதழ் கிடையாது, கேட்டு வாங்குபவரும் இன்னும் இல்லை.